முதலில் மீனைச் சொல்லுங்கள், அப்புறம் கத்தி

ஜூன் பிறந்து, சார்டீன் மீன் கூட்டம் கரைப் பக்கம் வருகிறது என்ற பேச்சு கிளம்பியதும் நம் பகுதிக்கு வரும் கடிதங்களும் கடல் பக்கம் திரும்பிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை கத்தியைப் பற்றித்தான் கேட்கின்றன. டர்பனில் மீன் வெட்டும் மேடைக்குப் பின்னால் நின்றே காலம் கழித்தவன் நான். கத்தியைப் பற்றிக் கேட்டால் என்னால் சுருக்கமாகப் பேச முடியாது. அதனால் இந்த மாதம் சமையல் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, முழுப் பக்கத்தையும் கத்திக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அப்பா இந்த மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். சனிக்கிழமை ஆனால் புளூ லகூன் போய் ஷேட் மீன் பிடிப்பதுதான் அவருக்கு உயிர். முள்ளிலிருந்து சதையைப் பிரித்தெடுக்கிற நல்ல ஃபில்லட் கத்தி ஒன்று வாங்கிக் கொடுக்க ஆசை. கடையில் 15 சென்டிமீட்டரிலிருந்து 23 வரை தொங்கவிட்டிருக்கிறார்கள், எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. அவருக்குக் கட்டைவிரல் மூட்டில் வலியும் உண்டு. எதை எடுக்கட்டும், மாமா? (ஒரு மகள், சாட்ஸ்வர்த்)

பதில்: ஷேட் என்று சொல்லிவிட்டீர்களே, பாதி வேலை முடிந்தது, மகளே. கடைக்காரர்கள் கத்தியில் ஆரம்பிப்பார்கள். நாம் மீனில் ஆரம்பிக்க வேண்டும். ஷேட்டுக்குச் சட்டப்படி குறைந்த அளவு 30 செ.மீ. கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அந்த மீனுக்கு 15 முதல் 18 செ.மீ. அலகு போதும். மீனின் அகலத்தைவிட நாலு விரல் கூடுதலாக அலகு இருந்தால் ஒரே இழுப்பில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வெட்டு போகும். அதற்கு மேல் நீளம் இருந்தால் முனை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது வளைவு. ஃபில்லட் கத்திக்கும் மற்றக் கத்திகளுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். ஷேட்டை மேடையில் கிடத்தி, செவுளுக்குப் பின்னால், பக்கத் துடுப்பை ஒட்டி, நடுமுள் தட்டும் வரை சாய்வாக வெட்டுவார் அப்பா. தட்டியதும் அலகை வால் பக்கம் திருப்புவார். கத்தியின் குணம் தெரிவது அந்த இடத்தில்தான். வளைகிற அலகு நடுமுள்ளின் மேல் படுத்துக்கொண்டே போகும். முள்கள் ஒவ்வொன்றாக அலகுக்கு அடியில் டிக், டிக் என்று தட்டுவது பிடியைப் பிடித்திருக்கும் விரலில் தெரியும். அந்தத் தட்டல் நின்றுபோனால் அலகு முள்ளை விட்டு மேலே, சதைக்குள் ஏறிவிட்டது என்று அர்த்தம். விறைப்பான கத்தி அடிக்கடி இப்படி ஏறிவிடும், முள்ளோடு கால்வாசிச் சதை போய்விடும். பிறகு வால் முனையை விரலால் அழுத்திக்கொண்டு தோலை உரிக்கும்போதும் அலகு கிட்டத்தட்டப் பலகையோடு பலகையாகப் படுக்க வேண்டும். அதற்கும் வளைவு வேண்டும்.

கடையில் இதைச் சோதித்துப் பார்க்கலாம், கேட்டால் விடுவார்கள். முனையைப் பலகையில் ஊன்றி மெதுவாக அழுத்துங்கள். அலகு முனையிலிருந்து பாதி வரை அழகாக வளைந்து, கையை எடுத்ததும் நேராகிவிட வேண்டும். பிடியை ஒட்டிய பகுதி அவ்வளவாக வளையக் கூடாது. அங்கேயும் வளைந்தால் கத்தி உங்கள் பேச்சைக் கேட்காது. அப்புறம் பிடிப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கூர் வழியாக முனையைப் பாருங்கள், கோணல் இருந்தால் தெரிந்துவிடும். பிடியும் அலகும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் நுழைகிற இடைவெளி இருந்தால் அதை வைத்துவிட்டு வேறு எடுங்கள். மீன் தண்ணீரும் உப்பும் அந்தச் சந்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், துருவும் நாற்றமும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இனி அப்பாவின் கட்டைவிரல். மெல்லிய பிடி அவருக்கு வேண்டாம். மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், இறுக்குவதுதான் மூட்டுக்கு வலி. உள்ளங்கையை நிறைக்கிற, மேலே சொரசொரப்புள்ள பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பிடி எடுங்கள். அலகு தொடங்கும் இடத்தில் விரல் வழுக்கி முன்னே போகாதபடி ஒரு தடுப்பு இருக்க வேண்டும். ஷேட்டின் கொழுப்பு கையில் பட்டால் எதைப் பிடித்தாலும் வழுக்கும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ், ஃபைப்ராக்ஸ் பிடி போட்டது, வளையும் அலகு என்று கேளுங்கள். ஈரக் கைக்கு அது நல்ல பிடி. ரப்பாலா பெயரில் பின்லாந்தின் மார்ட்டீனி செய்யும் பிர்ச் மரப்பிடிக் கத்தி பார்க்க அழகு, வெட்டும் சுகம், அதில் 15, 19, 23 செ.மீ. அளவுகள் உண்டு. ஆனால் அதன் பிடி ஒல்லி. வலிக்கிற கைக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். கூடவே ஒரு சாணைக்கல்லும் வாங்கிக் கொடுங்கள். கத்தி மழுங்க மழுங்கத்தான் கை அழுத்தும், விரல் வலிக்கும்.

கேள்வி: போன வருஷம் நல்ல விலை கொடுத்து ஒரு ஸ்டெயின்லெஸ் கத்தி வாங்கினேன். புரட்டாசி விரதத்துக்கு முன்னால் கழுவித் துடைத்துத் தோல் உறைக்குள் போட்டுப் பெட்டியில் வைத்தேன். டிசம்பரில் எடுத்தால் அலகெங்கும் கறுப்புப் புள்ளிகள், சில இடத்தில் குண்டூசி குத்தியது போலப் பள்ளம். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்களா, அண்ணே? (பீனிக்ஸ் வாசகர்)

பதில்: ஏமாற்றவில்லை, தம்பி. உறை செய்த வேலை அது.

எஃகில் குரோமியம் சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதை ஸ்டெயின்லெஸ் என்கிறார்கள். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்றை அலகின் மேல் போர்த்தி வைக்கிறது. துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டால் தானே மூடிக்கொள்ளும். உப்பில் இருக்கிற குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கக் கூடியது. துளைத்த இடத்தில் காற்றும் படாமல் ஈரமும் நின்றால் படலம் மறுபடி மூட வழியில்லை, உள்ளே உள்ளே குடைந்துகொண்டு போகும். நீங்கள் பார்த்த பள்ளம் அதுதான். மீன் பிடிக்கிறவன் இடுப்பில் தொங்கிய தோல் உறை உப்புத் தண்ணீரைக் குடித்திருக்கும், மேலே காய்ந்தாற்போல இருந்தாலும் உள்ளே உப்பு உட்கார்ந்திருக்கும். டர்பனின் ஈரக் காற்று அதை மறுபடி மறுபடி நனைக்கும்.

புரட்டாசி செப்டம்பர் நடுவில் பிறக்கிறது. அது முடிவதற்கு முன்பே அக்டோபர் 1-ல் ஷேட் தடைக்காலம் தொடங்கிவிடும், நவம்பர் 30 வரை தொட முடியாது. ஷேட்டை மட்டும் நம்பியிருக்கிற வீட்டில் கத்தி இரண்டரை மாதம் சும்மா கிடக்கும். ஆகவே விரதம் பிறப்பதற்கு முந்தின நாள் இப்படிச் செய்யுங்கள். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள், பிடி சேரும் இடத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, அப்புறமும் ஒரு மணி நேரம் காற்றில் விடுங்கள். உணவுக்கு ஆகும் மினரல் ஆயில் ஒரு சொட்டு எடுத்து அலகு முழுவதும் தடவுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெய் தடவாதீர்கள், நாள்பட நாள்பட அது பிசினாகி ஒட்டும். காகிதத்தில் சுற்றிக் காற்றாடும் இடத்தில் வையுங்கள். தோல் உறை தனியாகத் தொங்கட்டும். இடுப்பில் கட்டிக்கொண்டு போகத்தான் அந்த உறை. கத்தியை அதற்குள் குடிவைக்கக் கூடாது.

புள்ளிகளுக்கு: சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு பாட்டில் தக்கையால் அலகின் நீளவாக்கில் தேயுங்கள். மேலாக இருக்கிற கறை போய்விடும். பள்ளம் போகாது, ஆனால் கூர் விளிம்பில் இல்லாதவரை வெட்டுக்குத் தொந்தரவு இல்லை. நாற்றம் போகட்டும் என்று ஜிக் (பிளீச்) ஊற்றிய தண்ணீரில் கத்தியை ஊறவைக்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அந்தக் குளோரின் உப்புத் தண்ணீரைவிட மோசம். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடாதீர்கள்.

கேள்வி: ராக்வெல் கடினம் (எஃகின் கடினத்தைச் சொல்லும் எண்) 61 என்று போட்ட ஜப்பானியக் கத்தி ஒன்றின் மேல் கண் வைத்திருக்கிறேன். எவ்வளவு கடினமோ அவ்வளவு நாள் கூர் நிற்கும் என்கிறார்கள். விலை என் தூண்டில் கம்பைவிட அதிகம். வாங்கலாமா? (லெனேசியா)

பதில்: கூர் அதிக நாள் நிற்கும் என்பது உண்மை. ஆனால் எந்த வேலையில் என்று கேளுங்கள். முள்ளில்லாமல் பிரித்த சதையை மெல்லிசாகச் சீவுகிற வேலையில் அந்தக் கத்திக்கு நிகர் கிடையாது. ஃபில்லட் கத்தி முள்ளோடு முட்டும், வளையும், படகில் கீழே விழும். கடினம் ஏற ஏற எஃகு வளைவதற்குப் பதில் நொறுங்கப் பார்க்கும். கூர் விளிம்பில் அரிசிக் குருணை அளவுக்குத் துண்டு பெயர்ந்துவிட்டால் அதைக் கல்லில் சமன் செய்வதற்குள் கை ஓய்ந்துவிடும்.

நல்ல ஃபில்லட் கத்திகள் பெரும்பாலும் 54 முதல் 58 வரைக்குள்தான் இருக்கும். காரணம் இருக்கிறது. அந்தக் கடினத்தில் எஃகு முள்ளில் பட்டால் விளிம்பு கொஞ்சம் மடியும், உடையாது. மடிந்ததை எஃகுத் தண்டில் நாலு முறை இழுத்து நிமிர்த்திவிட்டு வேலையைத் தொடரலாம். அலகில் 1.4116 என்ற எண் பொறித்திருந்தால் தைரியமாக எடுங்கள். கரி சுமார் அரை சதவீதம், குரோமியம் சுமார் 15 சதவீதம் உள்ள எஃகு அது, இறைச்சிக்கடைக் கத்திகளுக்கெல்லாம் பல காலமாக அதைத்தான் போடுகிறார்கள். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று மட்டும் எழுதி, எண்ணோ கடினமோ போடாத கத்தியில் அந்தச் சொல்லை நம்பி ஒரு ரேண்ட்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அது விளம்பரச் சொல். எந்த எஃகு என்று அதிலிருந்து தெரியாது.

உங்கள் வீட்டுக் கல்லில், உங்கள் கையால், கால் மணி நேரத்தில் கூர் ஏற்ற முடிகிற கத்தியே உங்களுக்கு நல்ல கத்தி. மிச்சப் பணத்தில் நல்ல ஐஸ் பெட்டி வாங்குங்கள். பிடித்ததும் செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, ஐஸும் கடல் தண்ணீரும் கலந்ததில் போட்ட மீனின் சதை இறுகி நிற்கும். வெயிலில் கிடந்து குழைந்துபோன ஷேட்டை எந்தக் கத்தியாலும் அழகாகப் பிரிக்க முடியாது.

கேள்வி: என் கத்தி மழுங்கிப்போய் ஒரு கடையில் சாணை பிடிக்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது முனை நீலமாக இருந்தது, அலகும் நடுவில் குழிந்திருந்தது. இப்போது ஒரு வாரம்கூடக் கூர் நிற்கவில்லை. நானே வீட்டில் தீட்டக் கற்றுக்கொள்ள முடியுமா? இழுத்தால் கூராகிற சின்னப் பெட்டி போதுமா? (இசிப்பிங்கோ வாசகர்)

பதில்: நீலம் பாய்ந்தது சூட்டால். வேகமாகச் சுற்றுகிற உலர்ந்த சாணைச் சக்கரத்தில் மெல்லிய முனை ஒரு நொடியில் சூடேறிவிடும். நீலமான இடத்தில் எஃகின் கடினம் போய்விட்டது, அந்தப் பகுதி தேய்ந்து தீரும் வரை அங்கே கூர் நிற்காது. அந்த இழுக்கும் பெட்டியும் ஃபில்லட் கத்திக்கு வேண்டாம். எஃகைச் சுரண்டி எடுக்கும், மெல்லிய வளையும் அலகு அதற்குள் ஆடும், விளிம்பு பல் பல்லாக வரும்.

கற்றுக்கொள்ள முடியுமா என்றால், கட்டாயம் முடியும். 1000 எண் கல் ஒன்று, முடிந்தால் 3000 அல்லது அதற்கு மேல் ஒன்று வாங்குங்கள், எண் கூடக் கூடக் கல் நைஸாக இருக்கும். இரண்டு பக்கமும் இரு வேறு எண்ணாக ஒரே கல்லாகவும் கிடைக்கிறது. தண்ணீர்க் கல் என்றால் குமிழி வருவது நிற்கும் வரை ஊறவைத்து, ஈரத் துணி மேல் நகராமல் வையுங்கள்.

எல்லோரும் தடுமாறுகிற இடம் சாய்வு. ஃபில்லட் கத்திக்கு ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 பாகை நல்லது. பாகையைக் கண்ணால் அளக்க முடியாது, உயரத்தை அளக்கலாம். அலகு 2 செ.மீ. அகலம் என்றால், அதன் முதுகு கல்லிலிருந்து 5 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் 15 பாகை வந்துவிடும். அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி, முதுகுக்கு அடியில் ஒரு முறை வைத்துப் பார்த்து, கை அந்த நிலையை உணர்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

மார்க்கர் பேனாவால் கூர் விளிம்பில் மை பூசிக்கொள்ளுங்கள். நாலு முறை தேய்த்துவிட்டுப் பாருங்கள். விளிம்பில் மை அப்படியே இருந்து மேலே மட்டும் அழிந்திருந்தால் கத்தியை ரொம்பப் படுக்க வைத்திருக்கிறீர்கள். விளிம்பில் மட்டும் அழிந்தால் ரொம்ப நிமிர்த்தியிருக்கிறீர்கள். மை முழுவதும் சீராக அழிந்தால் சரி. இதைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தெரிந்து இல்லை.

வளையும் அலகுக்கு இன்னொரு விஷயம் முக்கியம். பிடியை மட்டும் பிடித்துத் தேய்த்தால் அலகு வளைந்து நடுப்பகுதி கல்லில் படாமலே போகும். இடது கையின் இரண்டு விரலை, கல்லுக்கு நேர் மேலே இருக்கிற பகுதியில், கூருக்குச் சற்று உள்ளே தள்ளி வைத்து லேசாக அழுத்துங்கள். கத்தி நகர நகர விரலும் நகரட்டும். முனைப் பக்கம் வளைவு வரும்போது பிடியைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஒரு பக்கம் தேய்த்து முடித்தால் மறுபக்க விளிம்பில் பிசிறு எழும். நகத்தை அலகின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி இழுத்தால் பிடிபடும். அடியிலிருந்து முனை வரை பிசிறு எழுந்ததா பாருங்கள், எழாத இடத்தில் வேலை முடியவில்லை. மறுபக்கமும் அதே மாதிரி. அப்புறம் நைஸ் கல்லில் அழுத்தமில்லாமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சில இழுப்பு, கடைசியாக மடித்த செய்தித்தாளின் மேல் பின்புறமாக இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். தொங்குகிற காகிதத்தை அழுத்தாமல் வெட்டினால் கத்தி தயார். தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்கினால் மிக நன்று.

கூரைக் காப்பாற்றுவதும் இருக்கிறது. செதிலுக்கு மேலிருந்து வெட்டினால் கூர் சீக்கிரம் போகும். முனையைத் தோலுக்கு அடியில் நுழைத்து, உள்ளிருந்து வெளியே வருமாறு வெட்டிப் பழகுங்கள். வெட்டுவதற்கு முன் மீனைக் கழுவுங்கள், செவுளில் ஒட்டியிருக்கும் மணல் கூருக்கு எமன். மரப் பலகையோ வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையோ போதும். கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை, பியரின் சிமென்ட் சுவர், எதிலும் அலகு படக் கூடாது.

கேள்வி: என் தாத்தா சாலிஸ்பரி தீவுப் பக்கம் வலை இழுத்தவர். அவருடைய கத்தி என்னிடம் இருக்கிறது. கறுத்துப்போய், தேய்ந்து தேய்ந்து ஒரு விரல் அகலம்தான் மிச்சம். ஸ்டெயின்லெஸ் இல்லை. காட்சிக்கு வைப்பதா, பயன்படுத்துவதா? (பிளஃப்)

பதில்: பயன்படுத்துங்கள், ஐயா. துறைமுகத்துக்குள் இருக்கிற அந்தத் தீவிலும் சுற்றுப்புறத்திலும் வலை இழுத்த நம் குடும்பங்களிடம் தனியாக ஃபில்லட் கத்தி என்று கடையில் வாங்கியது குறைவு. அகலமான இறைச்சிக் கத்தியை வருஷக்கணக்கில் தீட்டித் தீட்டி ஒல்லியாக்கி, அது வளையத் தொடங்கியதும் மீனுக்கு ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் கையில் இருப்பது அப்படி ஒன்று என்றே நினைக்கிறேன். தாத்தாவின் கைவேலை அந்த அலகின் வடிவத்திலேயே இருக்கிறது.

கரி எஃகு கல்லில் சுலபமாகக் கூர் ஏறும். கறுப்பு நிறம் கெடுதல் இல்லை. சீராகப் படிந்த அந்தக் கருமை ஓரளவு துருவைத் தடுக்கும், அதைத் தேய்த்து வெள்ளையாக்க வேண்டாம். சிவப்பாக வருவதுதான் துரு, அதை மட்டும் எடுங்கள். எலுமிச்சை, புளி பட்டால் உடனே துடையுங்கள். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில்கூடத் துடைக்கிற பழக்கம் வேண்டும். கடற்கரைக்கு எடுத்துப் போகாதீர்கள். வீட்டு மேடையில் வைத்து வெட்டுங்கள்.

கேள்வி: மின்சார ஃபில்லட் கத்தி எப்படி? (டோங்காட்)

பதில்: படகு நிறைய மீன் கொண்டுவருகிறவருக்கு நேரம் மிச்சம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு ஷேட்தான் அனுமதி. நாலு மீனுக்கு அது வேண்டாம். விலா முள்களைச் சுற்றிப் போகத் தெரியாமல் அறுத்துக்கொண்டே போய்விடும், பிறகு முள் துண்டுகளைப் பொறுக்க உட்கார வேண்டும்.

கேள்வி: வீடு நாறுகிறது என்று மனைவி சொல்வதால் கடற்கரையிலேயே ஃபில்லட் எடுத்துவிட்டு வருகிறேன். சரிதானே? (அம்ஷ்லாங்கா)

பதில்: குடலையும் செவுளையும் அங்கேயே எடுத்துவிட்டு வாருங்கள், நாற்றத்தில் பெரும்பகுதி அதில்தான். ஃபில்லட் வேண்டாம். 30 செ.மீ. இருந்ததா என்று ஆய்வாளர் கேட்டால் துண்டை வைத்து எதை அளந்து காட்டுவீர்கள்? மீன் வீடு வரை முழுதாகவே வரட்டும். முழு மீன் ஐஸில் சதை கெடாமலும் இருக்கும்.

கேள்வி: ஸ்கி போட்டில் போய்க் கூடா பிடிக்கிறோம். ஷேட்டுக்கு வைத்திருக்கிற கத்தியாலேயே அதையும் வெட்டலாமா? (ஸ்காட்பர்)

பதில்: கூடா, தமிழ்நாட்டு உறவுகள் வஞ்சரம் என்று சொல்கிற மீன், பெரியது, சதை கெட்டியானது. மெல்லிய 15 செ.மீ. அலகு அந்தச் சதைக்குள் நெளிந்து வேறு பக்கம் போகும், வெட்டு அலை அலையாக வரும். 20 முதல் 23 செ.மீ. நீளத்தில், முனையில் மட்டும் லேசாக வளைகிற கத்தி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய காப் மீனுக்கும் அதுவே. குறுக்குத் துண்டு போடுவதென்றால் ஃபில்லட் கத்தியே வேண்டாம், கனமான கத்திதான் நடுமுள்ளில் இறங்கும். இடது கைக்கு வெட்டுப்படாத கையுறை ஒன்று போடுங்கள். ஆடுகிற படகில் இது விருப்பம் இல்லை, கட்டாயம்.

கேள்வி: நான் ஃபில்லட் எடுத்தால் எங்கள் ஆயா கோபப்படுகிறார். “முள்ளையும் தலையையும் தூக்கிப் போட்டுவிட்டு எதில் குழம்பு வைப்பாய்?” என்கிறார். அவர் அரிவாள்மனையில் உட்கார்ந்து துண்டு போட்டவர். யார் சொல்வது சரி, மாமா? (மெரிபேங்க் வாசகி)

பதில்: ஆயா சொல்வதுதான் சரி, ஆனால் நீங்கள் கத்தியைக் கீழே வைக்க வேண்டியதும் இல்லை. ஃபில்லட்டைச் சின்னப் பிள்ளைகளுக்கும் பல் போனவர்களுக்கும் மசாலா தடவிப் பொரியுங்கள். நடுமுள்ளும் தலையும் வாலும் ஆயாவின் சட்டிக்குப் போகட்டும். குழம்பின் ருசி அங்கேதான் இருக்கிறது. அதற்காக வெட்டும்போதே இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்குப் பின்னால் வெட்டைத் தொடங்கும்போது செவுளை ஒட்டிப் போகாமல் ஒரு விரல் தள்ளித் தொடங்கினால், கழுத்துச் சதை தலையோடு நிற்கும். வயிற்றுப் பக்கம் விலா முள்ளோடு இருக்கிற கொழுப்பான பட்டையை ஃபில்லட்டிலிருந்து தனியாகச் சீவி எடுத்து அதையும் குழம்புக்கே கொடுங்கள். செவுளை மட்டும் மிச்சமில்லாமல் எடுத்துவிடுங்கள், இருந்தால் குழம்பு கசக்கும். எலும்புக்கூட்டை மூன்றாக உடைத்து, புளித் தண்ணீர் கொதித்துக் கத்தரிக்காய் வெந்த பிறகு போட்டால் போதும், ரொம்ப நேரம் கொதித்தால் முள் பிரிந்து குழம்பில் கலந்துவிடும்.

தலையை இரண்டாகப் பிளப்பதற்கு ஃபில்லட் கத்தியைத் தொடாதீர்கள், முனை ஒடிந்துவிடும். அந்த வேலைக்கு ஆயாவின் அரிவாள்மனையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது அவரையே வெட்டித் தரச் சொல்லுங்கள்.